பையின் பின்பக்கம்: பூனைச் சாப்பாட்டு லேபலின் கதை



எங்கள் வீட்டுப் பூனைக்கு இப்போது கண் தெரியாது. சென்ற வருடம் நோன்பு காலத்தில்தான் கவனித்தோம். மஃரிப் நேரம், வீட்டில் வெளிச்சம் மங்கியிருக்கும்போது கதவு நிலையில் போய் மோதியது. முதலில் விளையாட்டு என்று நினைத்தோம். பிறகு பார்த்தால் பட்டப்பகலிலும் கண்மணி இரண்டும் அகலத் திறந்தபடியே இருந்தன. மகள் கையை அதன் முகத்துக்கு முன்னால் ஆட்டிப் பார்த்துவிட்டு அழத் தொடங்கினாள்.

மிருக வைத்தியர் டோர்ச் அடித்துக் கண்ணுக்குள் பார்த்தார். இதயத்தையும் வெகுநேரம் கேட்டார். பிறகு, "என்ன சாப்பாடு குடுக்கிறீங்க சேர்?" என்றார். கடையில் நிறுத்துத் தரும் உருண்டைதான் என்றேன். "அந்தப் பெக்கட் இருக்கா? பின்பக்கத்தைப் பாக்கணும்." பெக்கட் எங்கே இருக்கிறது? கடைக்காரர் பெரிய மூட்டையிலிருந்து அள்ளி, பொலித்தீன் பையில் கட்டித் தருவார். கால் கிலோ, அரைக் கிலோ. இரண்டு வருடமாக அப்படித்தான் வாங்கினேன், விலை குறைவு என்பதற்காக.

கடைக்குப் போய் மூட்டையைக் காட்டச் சொன்னேன். அதில் ஒரு நாயின் படம் இருந்தது. "ரெண்டும் ஒண்டுதானே சேர்" என்றார் கடைக்காரர். அவரை நான் குறை சொல்லப் போவதில்லை. பிள்ளைகளுக்குப் போசணை பற்றிப் படிப்பிக்கிற நானே ஒருநாளும் கேட்கவில்லையே. (இரண்டு வருடமாக நாய்ச் சாப்பாடு வீட்டுக்குள் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு உம்மா பட்ட பாடு தனிக்கதை.)

இரண்டும் ஒன்றல்ல என்பதை உலகம் எப்படிக் கண்டுபிடித்தது, அந்தப் பையின் பின்பக்கத்தில் உள்ள ஒவ்வொரு வரியும் எப்படி வந்து சேர்ந்தது என்று இந்தச் சில மாதங்களாக வாசித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம்.

நாய்க்கும் பூனைக்கும் என்று தனியாகச் சாப்பாடு விற்பது பழைய வழக்கமல்ல. மனிதர் தின்றது போக மிஞ்சியதை அவை தின்றன, மீதியைத் தாங்களே பிடித்துக்கொண்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டனில் மட்டும் ஒரு தனித் தொழில் இருந்தது. வண்டியிழுத்துச் சாகும் குதிரைகளின் இறைச்சியை அவித்து, துண்டு போட்டு, குச்சியில் குத்தித் தெருத்தெருவாக விற்பார்கள். 'பூனை இறைச்சிக்காரர்' என்றே அவர்களுக்குப் பெயர். லண்டன் ஏழைத் தொழிலாளர்களைப் பற்றி 1851இல் எழுதிய ஹென்றி மேஹியூ இவர்களையும் விபரித்திருக்கிறார். வாங்குபவருக்கு லேபல் தேவைப்படவில்லை. குச்சியில் இருப்பது என்னவென்று எல்லோருக்கும் தெரியும்.

லேபல் தேவைப்பட்டது பிஸ்கட் வந்த பிறகு. ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர், இடிதாங்கி விற்கிற வியாபாரி. லண்டனுக்கு வந்த இடத்தில், துறைமுகத்தில் மாலுமிகள் எறிகிற காய்ந்த கப்பல் பிஸ்கட்டை நாய்கள் தின்பதைப் பார்த்தாராம். 1860களில் கோதுமை, பீற்றூட், உலர்ந்த இறைச்சி சேர்த்து நாய்க்கேக் செய்து விற்கத் தொடங்கினார். இறைச்சி அமெரிக்கப் புல்வெளி மாட்டினுடையது என்பது விளம்பரம். பிஸ்கட்டுக்குள் அரைந்து போனதை வாங்குபவர் எப்படிச் சரிபார்ப்பது? பெயரை நம்ப வேண்டியதுதான். அந்தக் கம்பனியில் வேலை செய்த சார்ள்ஸ் கிரஃப்ட் என்பவர்தான் பின்னர், 1891இல், தன் பெயரில் லண்டனில் நாய்க் கண்காட்சி தொடங்கினார். இன்றும் நடக்கிற 'கிரஃப்ட்ஸ்' கண்காட்சி அதுதான். சாப்பாட்டு வியாபாரமும் கண்காட்சியும் ஆரம்பத்திலிருந்தே ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

அதே 1860களில் ஜேர்மனியில் இன்னொரு வேலை நடந்தது. கோட்டிங்கன் நகருக்குப் பக்கத்தில் வீண்டே என்ற இடத்து ஆய்வு நிலையத்தில் ஹென்னபேர்க், ஸ்டோமன் என்ற இருவர் மாட்டுத் தீவனத்தைப் பகுத்துப் பார்த்தார்கள். காயவைத்தால் குறைகிற எடை ஈரப்பதன். ஈதரில் கரைவது கொழுப்பு. அமிலத்திலும் காரத்திலும் கொதிக்கவைத்த பிறகும் கரையாமல் எஞ்சுவது நார். எரித்து மிஞ்சுவது சாம்பல். பிறகு 1883இல் டென்மார்க்கில், கார்ல்ஸ்பேர்க் பியர் கம்பனியின் ஆய்வுகூடத்தில் யோஹான் கெல்டால் என்ற இரசாயனவியலாளர் தானியத்தில் புரதம் எவ்வளவு என்று அறிய ஒரு சுலப வழி கண்டுபிடித்தார். புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. அதிலுள்ள நைதரசனை அளந்து 6.25ஆல் பெருக்குவது. புரதத்தில் ஏறக்குறைய 16 வீதம் நைதரசன் என்பதுதான் கணக்கு.

இப்போது உங்கள் வீட்டிலிருக்கும் பூனைச் சாப்பாட்டுப் பையைத் திருப்பிப் பாருங்கள். 'குரூட் புரோட்டீன்', 'குரூட் ஃபெட்', 'குரூட் ஃபைபர்', 'மொயிஸ்சர்' என்று நான்கு வரி இருக்கும். அவை அந்த ஜேர்மன் மாட்டுத் தீவனக் கணக்கும் அந்த டேனிஷ் பார்லிக் கணக்கும்தான். 'குரூட்' என்றால் மட்டம் என்று அர்த்தமில்லை. உத்தேசக் கணக்கு, அவ்வளவுதான். தோல், இறகு, நல்ல இறைச்சி எல்லாவற்றிலும் நைதரசன் உண்டு. எது எவ்வளவு சமிக்கும் என்று அந்த எண் சொல்லாது. 6.25 என்ற எண்ணை மனதில் வைத்திருங்கள், திரும்ப வருவேன்.

இடையில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1922இல் அமெரிக்காவில் குதிரை இறைச்சியை டின்னில் அடைத்து நாய்களுக்கு விற்கத் தொடங்கினார்கள். மோட்டார் வாகனம் வந்து குதிரைகளுக்கு வேலை இல்லாமல் போன காலம் அது. இரண்டாம் உலகப் போரில் தகரத்துக்குக் கட்டுப்பாடு வரவே டின் சாப்பாடு அருகி, காய்ந்த சாப்பாடு இடத்தைப் பிடித்தது. 1957இல் பியூரினா கம்பனி, மாக்கலவையை அழுத்தத்தோடு சூடாக்கித் துளை வழியாகத் தள்ளிப் பொரியவைக்கும் முறையில் நாய் உருண்டையைக் கொண்டுவந்தது. இன்று நாம் வாங்கும் உருண்டை எல்லாம் அந்த வழியில் வந்தவை.

பூனைக்கு நடந்த பெரிய மாற்றம் சாப்பாட்டில் இல்லை, மண்ணில். 1947இல் மிச்சிகனில் எட் லோ என்பவர், களிமண் துகளைப் பூனைக்கு மலசலம் கழிக்க விற்கத் தொடங்கினார். அதுவரை பூனை வெளியே போய் வந்தது. போகிற இடத்தில் எலி, பல்லி, குருவி என்று பிடித்துத் தின்றது. வீட்டில் கிடைப்பது அரைகுறையாக இருந்தாலும் எலி அந்தக் குறையை நிரப்பியது. மண்தட்டு வந்த பிறகு பூனை வீட்டுக்குள்ளேயே இருக்கலாம். அப்போது அதன் உடம்பு முழுவதும் ஒரு பையை நம்பி இருக்கிறது.

பூனையைக் கட்டிவைத்து, உணவும் கொடுக்காமல், பூமியில் உள்ளதைத் தானாகத் தேடித் தின்னவும் விடாமல் சாகவிட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸ் நம் எல்லோருக்கும் தெரியும். அதன் இரண்டாவது பாதியை நான் இவ்வளவு நாளும் யோசித்ததில்லை. எங்கள் வீடு பிரதான வீதிக்கு மேல் மாடியில். வாகனத்தில் அடிபடும் என்று பூனையை வெளியே விடுவதில்லை. எலிக்கும் வழியில்லை, பல்லிக்கும் வழியில்லை.

பூனை உடம்பு நாய் உடம்பு மாதிரி அல்ல. கரட்டிலும் பூசணியிலும் இருக்கும் மஞ்சள் பொருளிலிருந்து நாமும் நாயும் விற்றமின் ஏ செய்துகொள்வோம். பூனையால் முடியாது, ஈரலிலிருந்தோ வேறு விலங்குணவிலிருந்தோ நேரடியாகக் கிடைக்க வேண்டும். ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் இல்லாத ஒரே ஒரு வேளைச் சாப்பாடு கொடுத்தாலே பூனையின் இரத்தத்தில் அமோனியா ஏறி நஞ்சாகிவிடும் என்று 1978இல் கலிபோர்னியாவில் ஜேம்ஸ் மொறிஸும் குவின்டன் ரொஜர்ஸும் காட்டினார்கள். ஒரு வேளை! இறைச்சியை மட்டுமே தின்று வந்த உடம்பு, இறைச்சியில் எப்போதும் கிடைப்பதைத் தானே செய்யும் வேலையைக் கைவிட்டுவிட்டது.

மீன் போட்டால் போதும்தானே என்று நம்மூரில் கேட்பார்கள். நானும் கேட்டேன். 1950களில் அமெரிக்காவில், சூரை மீனின் சிவப்புச் சதையை டின்னில் அடைத்துப் பூனைக்கு விற்றார்கள். அதைத் தொடர்ந்து தின்ற பூனைகளின் தோலுக்கடியில் கொழுப்பு மஞ்சளாகிக் கட்டிப்பட்டு, தொட்டாலே வலியில் கத்தின. மீனெண்ணெய் கெடாமல் காக்கிற விற்றமின் ஈ போதாமல் வந்த நோய் அது. விற்றமின் ஈ சேர்த்ததும் நின்றது. இன்று தாய்லாந்தில் மனிதருக்குச் சூரை அடைக்கும் தொழிலோடு சேர்ந்துதான் பூனைச் சாப்பாட்டுத் தொழிலும் வளர்ந்திருக்கிறது. வெள்ளைச் சதை நமக்கு, சிவப்புச் சதை பூனைக்கு. அந்தப் பெக்கட்டின் சேர்மானப் பட்டியலில் விற்றமின் ஈ இருப்பது இந்த வரலாற்றினால்தான். பச்சை மீனிலும் ஒரு கோளாறு உண்டு. சில வகை மீன்களில் விற்றமின் பி1ஐ அழிக்கும் நொதியம் இருக்கிறது. அவித்தால் அது போய்விடும்.

இனி எங்கள் பூனையின் கதைக்கு வருகிறேன். 1827இல் டீட்மன், மெலின் என்ற இரு ஜேர்மானியர் மாட்டின் பித்தத்திலிருந்து ஒரு பொருளைப் பிரித்தார்கள். மாட்டுக்கான இலத்தீன் சொல்லை வைத்து டோரின் என்று பெயர் வந்தது. நெடுங்காலமாக அதற்கு ஒரு முக்கியத்துவமும் இருக்கவில்லை. நாமும் நாயும் பெரும்பாலும் உடம்பிலேயே அதைச் செய்துகொள்கிறோம். 1975இல் கே. சி. ஹேய்ஸும் இரண்டு சகாக்களும் 'சயன்ஸ்' சஞ்சிகையில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். டோரின் இல்லாத உணவு தின்ற பூனைகளின் விழித்திரை அழிந்துபோகிறது என்பதே அதன் சாரம். பூனைக்குத் தேவையான அளவு டோரினைச் செய்யத் தெரியாது.

கம்பனிகள் அதைக் கவனித்தன. அந்தக் காலத்து அளவுப்படி டோரின் இருக்கும் சாப்பாட்டில் 'முழுமையானது, சமநிலையானது' என்று எழுதி விற்றார்கள். ஆனால் வீட்டுப் பூனைகள் வேறொரு நோயிலும் செத்துக்கொண்டிருந்தன. இதயத் தசை நலிந்து, இதயம் பலூன் போல விரிந்து, மூச்சு முட்டிச் சாகும். காரணம் தெரியாத, குணமாகாத நோய் என்று வைத்தியர்கள் கைவிட்டிருந்தார்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் போல் பியோன் என்ற இளம் மிருக வைத்தியரும், மார்க் கிட்டில்சனும், மேலே சொன்ன ரொஜர்ஸும் மொறிஸும் அந்தப் பூனைகளின் இரத்தத்தில் டோரினை அளந்தார்கள். கடையில் வாங்கிய சாப்பாடு தின்ற 21 பூனைகளில் டோரின் குறைவாகவும் இதயம் பலவீனமாகவும் இருந்தது. வாய்வழியாக டோரின் கொடுத்தார்கள். சாவை எதிர்பார்த்திருந்த இதயங்கள் பழைய நிலைக்குத் திரும்பின. 1987இல் அதே 'சயன்ஸ்' சஞ்சிகையில் இது வந்தது.

லேபல் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் என்னை உறுத்துவது. அன்றைக்குத் தெரிந்த அளவின்படி அது உண்மை. ஆனால் டின்னில் அடைத்துச் சூடாக்கும்போது உணவில் ஏற்படும் மாற்றத்தால், பூனையின் குடலிலுள்ள பக்டீரியா கூடுதல் டோரினை அழித்துவிடுகிறது. பையில் இருப்பது வேறு, இரத்தத்தில் சேர்வது வேறு. அதனால் பிறகு அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகளின் சங்கம் (ஆஃப்கோ என்று சுருக்கமாகச் சொல்வார்கள், 1909இல் தொடங்கியது) அளவை உயர்த்தியது. ஈரத்தைக் கழித்த எடையில் கிலோவுக்குக் காய்ந்த உருண்டையில் 1000 மில்லிகிராம், டின்னில் 2000. நாய்ச் சாப்பாட்டுக்கு அந்தச் சங்கம் டோரின் அளவு எதுவும் விதிக்கவில்லை. எங்கள் பூனை இரண்டு வருடம் தின்றது அதைத்தான்.

அந்த ஆஃப்கோவின் பெயர் நம் கடைகளிலுள்ள பல வெளிநாட்டுப் பைகளிலும் சிறிய எழுத்தில் இருக்கும். ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: அவர்கள் எந்தச் சாப்பாட்டையும் பரிசோதித்து அங்கீகாரம் கொடுப்பதில்லை. அளவு நிர்ணயிப்பதோடு சரி. 'முழுமையானது' என்று எழுதக் கம்பனிக்கு முக்கியமாக இரண்டு வழிகள். கணக்கில் அளவுகளைச் சரிக்கட்டுவது ஒன்று. பூனைகளுக்குக் கொடுத்துப் பார்ப்பது மற்றது. வளர்ந்த பூனைக்கான சோதனையில் 8 பூனைகளுக்கு 26 வாரம் கொடுத்து, 6 பூனைகள் முடித்தால் போதும். டோரின் குறைவால் கண் போக அதைவிட நெடுநாள் எடுக்கலாம். எது குட்டிக்கு, எது வளர்ந்த பூனைக்கு என்றும் அந்த வரியில்தான் இருக்கும். 'இடைக்கிடை கொடுக்க மட்டும்' என்ற அர்த்தத்தில் எழுதியிருந்தால் அது மிட்டாய் மாதிரி, சோறு அல்ல. சிறிய பெக்கட்டில் வரும் பல அப்படித்தான்.

6.25க்கு வருகிறேன். 2007 மார்ச் 16ஆம் திகதி மெனு ஃபூட்ஸ் என்ற கனடாக் கம்பனி, 6 கோடிக்கு மேற்பட்ட டின்களையும் பெக்கட்டுகளையும் திரும்பப் பெற்றது. நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் செயலிழந்து செத்தன. குழம்பைத் தடிப்பாக்கச் சேர்த்த, சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமைன் கலந்திருந்தது. நாம் கோப்பை, பீங்கான் என்று பாவிக்கும் அதே மெலமைனின் மூலப்பொருள். அதை ஏன் கலக்க வேண்டும்? பிள்ளைகளுக்குக் கணக்காகக் கொடுத்தேன்: மெலமைனில் எடைப்படி 66.6 வீதம் நைதரசன். 6.25ஆல் பெருக்கினால் 416. அதாவது 100 கிராம் மெலமைன், கெல்டால் முறையில் 416 கிராம் புரதமாகத் தெரியும். கொஞ்சம் கலந்தாலே மட்டமான மா உயர்ந்த புரதமாகிவிடும். அது உடம்பில் சயனூரிக் அமிலத்தோடு சேர்ந்து சிறுநீரகத்தில் பளிங்காகப் படிந்தது. அடுத்த வருடம் இதே தந்திரத்தைச் சீனாவில் குழந்தைகளின் பால்மாவில் செய்தார்கள். 6 குழந்தைகள் இறந்தன, ஏறத்தாழ 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டன. மிருகங்களின் சாவு ஒரு வருடம் முன்னாலேயே எச்சரித்திருந்தது.

அந்தச் சம்பவத்தில் வெளிவந்த இன்னொன்று, வெவ்வேறு பெயரில், வெவ்வேறு விலையில் விற்ற எத்தனையோ பிராண்டுகள் ஒரே தொழிற்சாலையில் நிரப்பப்பட்டவை என்பது. முன்பக்கப் படத்தைப் பார்த்து விலை கொடுப்பவர்கள் யோசிக்க வேண்டியது. அமெரிக்க விதிப்படி 'கோழியோடு' என்று எழுதினால் கோழி 3 வீதம் இருந்தால் போதும். 'கோழிச் சுவை' என்றால் சுவை தெரிந்தால் போதும்.

ஈரச் சாப்பாட்டையும் காய்ந்ததையும் ஒப்பிடுவது பற்றி ஒரு சகோதரி கேட்டிருந்தார். ஈரப் பெக்கட்டில் புரதம் 9 வீதம், உருண்டையில் 30 வீதம் என்று பார்த்து உருண்டைதான் சத்து என்று நினைத்துவிடாதீர்கள். தண்ணீரைக் கழியுங்கள். ஈரப் பெக்கட்டில் ஈரப்பதன் 82 என்றால் மிஞ்சுவது 18. 18இல் 9 என்றால் 50 வீதம். உருண்டையில் ஈரப்பதன் 10, மிஞ்சுவது 90. 90இல் 30 என்றால் 33 வீதம். ஆனால் அதே பசிக்கு ஈரச் சாப்பாடு நிறைய வேண்டும், செலவும் அதிகம். மாப்பொருள் எவ்வளவு என்று அநேகமாக எழுதியிருக்காது. எல்லா எண்களையும் கூட்டி 100இலிருந்து கழித்தால் கிட்டத்தட்ட வரும். சாம்பல் எழுதியிருக்காவிட்டால் உருண்டைக்கு 7 அல்லது 8 என்று வைத்துக்கொள்ளலாம். சேர்மானப் பட்டியல் எடை வரிசையில் இருக்கும், ஆனால் தண்ணீரோடு சேர்த்த எடை. முதலில் கோழி என்று இருந்தால் அதில் முக்கால்வாசிக்குக் கிட்ட தண்ணீர்.

வாங்க வசதியில்லாதவர்கள் வீட்டுச் சாப்பாடே கொடுக்கிறார்கள். 2022இலிருந்து விலை எங்கே போயிருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். பூனை வெளியே போய் வேட்டையாடுகிறதென்றால் பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். கறிக்குழம்பு வேண்டாம், வெங்காயமும் உள்ளியும் பூனையின் இரத்தத்தைக் கெடுக்கும். மீனையோ கோழியையோ அவித்தால் அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் சேர்த்தே கொடுங்கள், டோரின் தண்ணீரில் கரைந்து போய்விடும். கோழி இதயத்தில் அது நிறைய உண்டு, கடைகளில் மலிவாகவும் கிடைக்கும்.

எங்கள் பூனையின் இதயம் இப்போது நன்றாக இருக்கிறது என்று வைத்தியர் சொல்கிறார், அல்ஹம்துலில்லாஹ். கண் திரும்பாது. மீசையாலும் மூக்காலும் வழி கண்டுபிடிக்கிறது. கதிரையை இடம் மாற்றி வைத்தால்தான் தடுமாறும், அதனால் மாற்றுவதில்லை.

கடைக்காரரிடம் திரும்பப் போனேன். சில்லறையாக விற்பதை அவரால் நிறுத்த முடியாது, முழுப் பை வாங்க எல்லோரிடமும் காசில்லை. மூட்டையை வெட்டும்போது பின்பக்கத்தைக் கிழிக்காமல், அதைத் தெரியும்படி முன்னால் வைக்கச் சொன்னேன். வைத்திருக்கிறார். நிறுத்து வாங்குகிறவர்கள் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்: எந்த மிருகத்துக்கு, எந்த வயதுக்கு, 'முழுமையானது' என்ற வரி இருக்கிறதா, டோரின் இருக்கிறதா, திகதி என்ன. சிறிய எழுத்து வாசிக்கக் கஷ்டமாக இருந்தால் படத்தை எனக்கு அனுப்புங்கள், வாசித்துச் சொல்கிறேன்.